கப்பல் யாருடையது?

செப்டம்பர் ஐந்தாம் தேதி வந்தால் நமக்கு வ. உ. சி.யின் ஞாபகம் வந்துவிடுகிறது. சிலைக்கு மாலை போடுகிறோம். செக்கிழுத்த செம்மல் என்கிறோம். கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள். ஆறாம் தேதி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயரைச் சூட்டியாயிற்று. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால், அந்தத் துறைமுகத்துக்கு வந்து போகிற கப்பல்கள் யாருடையவை என்று, மாலை போட்டவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

நான் கேட்டேன். தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்குக்குக் காகிதம் பார்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்துக்கு அழைத்துப்போனார். வீடு வீடாக அடுக்கிவைத்தாற்போல் இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல் நின்றது.

"அண்ணாச்சி, இங்கே வருவதிலே நம்ம கப்பல் எது?" என்றேன்.

அவர் சிரித்தார். "நம்மளதா? பெட்டிக்குள்ள இருக்க பனியன் நம்மளது. பெட்டியக் கொண்டாந்த லாரி நம்மளது. கப்பல்ல வேல பாக்கதுலகூட நம்ம பயலுவ இருப்பானுவ. கப்பல் மட்டும் நம்மளது இல்ல."

சிரிக்கிற விஷயமா இது?

சர்க்காரே வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். இந்தியாவின் வெளிநாட்டுச் சரக்கில், 1987-88-ல் நூற்றுக்கு நாற்பது பங்குக்குமேல் இந்தியக் கப்பல்கள் சுமந்தன. 2018-19-ல் அது எட்டுப் பங்குகூட இல்லை. அந்நியக் கப்பல் கம்பெனிகளுக்கு நாம் ஆண்டுதோறும் கட்டுகிற கூலி ஏறக்குறைய ஆறு லட்சம் கோடி ரூபாய் என்று 2025-ல் சர்க்கார் தரப்பிலேயே சொன்னார்கள். உலகின் பெரிய பெட்டிக் கப்பல் கம்பெனிகளின் வரிசையில் ஸ்விட்சர்லாந்து இருக்கிறது, கடலே இல்லாத நாடு! டென்மார்க் இருக்கிறது, கொரியா இருக்கிறது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற நாம் இல்லை.

இதைச் சொன்னால் பொருளாதாரம் படித்த கெட்டிக்காரர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். "யார் கப்பலாயிருந்தால் என்ன ஐயா? கூலி மலிவா என்று பாரும்" என்கிறார்கள்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி இனாமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது. மலிவு என்றால் அதைவிட மலிவு உண்டா? 1908-ல் சிதம்பரம் பிள்ளை சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல்கள் போட்டிக்காரர்கள் கைக்கே போயின. போட்டி செத்த பிறகும் எவனாவது குடை கொடுப்பானா?

குடையின் விலை என்ன என்பதை 2021-ல் நம்முடைய தலைமுறையும் பார்த்தது. கொள்ளைநோய்க்கு முன் இரண்டாயிரம் டாலருக்குள் இருந்த நாற்பதடிப் பெட்டியின் சராசரி வாடகை, உலகின் முக்கிய வழிகளில் பத்தாயிரத்தைத் தாண்டியது. பணம் கொடுத்தாலும் பெட்டி கிடைக்கவில்லை. சரக்கைக் கட்டிவைத்துக்கொண்டு ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். 2023-ன் கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கூலி மறுபடியும் ஏறியது. கூலியை ஏற்றுவது அவர்கள் இஷ்டம். கொடுப்பது நம் தலையெழுத்து.

குற்றம் முழுவதும் சர்க்காருடையது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1961-ல் கப்பல் கார்ப்பரேஷனை அமைத்ததும் சர்க்கார்தான். 2019-ல் அதை விற்கத் தீர்மானித்ததும் சர்க்கார்தான். 2025-ல் கப்பல் கட்டும் தொழிலுக்கென்று அறுபத்தொன்பதாயிரம் கோடிக்கு மேல் ஒதுக்கியிருப்பதும் அதே சர்க்கார்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நம்முடைய வியாபாரிகள் என்ன செய்கிறார்கள்? விற்கும்போது, "கப்பலில் ஏற்றுவதோடு என் பொறுப்புத் தீர்ந்தது" என்று விற்கிறார்கள். வாங்கும்போது, "நீயே கொண்டுவந்து சேர்த்துவிடு" என்று வாங்குகிறார்கள். பெரும்பாலும் இதுதான் வழக்கம். ஆக, போகிற சரக்குக்கும் வருகிற சரக்குக்கும் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறவன் அந்நியன். தன் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவன்கூட வண்டி யாருடையது என்று விசாரிப்பான். நாம் விசாரிப்பதில்லை.

நம் பிள்ளைகள் கதையோ இன்னும் மோசம். பனாமாக் கொடியும் லைபீரியாக் கொடியும் கட்டிய கப்பல்களில் அவர்கள் வேலை செய்கிறார்கள். முதலாளி ஒரு நாட்டான், கொடி வேறொரு நாட்டுடையது, சரக்கு இன்னொருவனுடையது. முதலாளி நொடித்துப்போய்க் கப்பலைக் கைவிட்டால், சம்பளமும் சோறும் இல்லாமல் நடுக்கடலில் கிடக்கிறவன் யாரிடம் போய் முறையிடுவான்? 2024-ல் அப்படிக் கைவிடப்பட்ட மாலுமிகளில் எந்த நாட்டாரையும்விட இந்தியரே அதிகம்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத்தான் சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டார். இன்றைக்கும் நம் பெட்டிகளில் பல அதே வழியில்தான் போகின்றன. சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பா போய்ச் சேருகின்றன. கொழும்பின்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்கள் துறைமுகத்தை ஆழப்படுத்தினார்கள், உழைத்தார்கள், சம்பாதிக்கிறார்கள். வழி நமக்கு முன்பே தெரிந்த வழி என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்நியக் கப்பலே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பைத்தியக்காரத்தனம். நம் சரக்கில் ஒரு நியாயமான பங்கை நம் கப்பல் சுமக்கட்டும். அவர்கள் கூலியை ஏற்றினால் மறுத்துப் பேச நமக்கும் ஒரு வாய் இருக்கட்டும் என்கிறேன். அதற்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும், சில ஆண்டுகள் நஷ்டத்தைத் தாங்குகிற நெஞ்சு வேண்டும்.

சிதம்பரம் பிள்ளை அன்றைக்கு ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். கேட்டது மாலை அல்ல. இருபத்தைந்து ரூபாய் விலையில் ஒரு பங்கு. அன்று குடைக்காக அவரைக் கைவிட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், இன்னும் அந்தப் பங்கை வாங்கவில்லை. மாலையைக் கொண்டு கடனைக் கழிக்கப் பார்க்கிறோம்.