எஞ்சினுக்கே மாலையா?

கல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டி, லேக் மார்க்கெட்டுக்குச் சமீபத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மண்குவளைத் தேநீரோடு கூடிப் பேசும் ஒரு சிறு கூட்டத்தில் பல வருஷங்களாக நானும் ஒருவன். வங்காளிகள் அட்டா என்று பிரியத்தோடு சொல்லும் இந்த அளவளாவலில் கால்பந்துக்கும் அரசியலுக்கும் அடுத்தபடியாகக் கார்ப் பந்தயத்துக்கும் ஓர் ஆசனம் உண்டு. அங்கே வரும் வங்க இளைஞர்களும், இந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் மற்ற எல்லா விஷயங்களிலும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பவர்கள் என்றாலும், பார்முலா ஒன் பந்தயம் என்று வந்துவிட்டால் ஒரே ஒரு சித்தாந்தத்தில் ஏகமனதாக நின்றுவிடுகிறார்கள். "எஞ்சின் எவனிடம் இருக்கிறதோ அவன்தான் ஜெயிப்பான், மாமா. மற்றதெல்லாம் வெறும் பேச்சு" என்பதே அந்தச் சித்தாந்தம். அதிலிருந்து வேறு இரண்டு கிளைகளும் புறப்படுகின்றன: எஞ்சின் பழுதாவதும் பழுதாகாமல் இருப்பதும் அதிருஷ்டம் என்பது ஒன்று, ஒரே அணி தொடர்ந்து ஜெயித்தால் பந்தயம் செத்துப்போகும், ஆகையால் எல்லோருக்கும் ஒரே எஞ்சினைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இந்த மூன்றும் பிழையென்று நான் கருதுகிறேன். இந்த விளையாட்டை நேசிக்கும் பிள்ளைகள் அதன் பாதி அழகை இந்த நம்பிக்கையினால் இழந்துவிடுகிறார்களே என்ற வருத்தமே என்னை எழுதத் தூண்டியது.

முதல் வாதத்துக்குப் பதில் சொல்ல ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. தேநீர்க் கடை வாசலில் நிற்கும் மஞ்சள் டாக்ஸியே போதும். ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், 2014-ஆம் வருஷம் மே மாதம் வரை உருவான அம்பாசடர் காருக்கு 1959-இலிருந்து வெகுகாலம் உயிராக இருந்தது, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே 1489 சி.சி. கொள்ளளவுள்ள எஞ்சினைத்தான் இங்கிலாந்தில் எம்.ஜி. நிறுவனத்தார் இரட்டைக் கார்புரேட்டர் பூட்டி, எம்.ஜி.ஏ. என்னும் அழகிய ஸ்போர்ட்ஸ் காருக்கு வைத்தார்கள். அந்தக் காரின் முன்னோடி வண்டிகள் மூன்றை 1955-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இறக்கி, அவற்றில் இரண்டைப் பகலும் இரவும் ஓட்டிக் கடைசி வரை கொண்டு சேர்த்தார்கள். ஒரே கருவில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று லெ மான் ஓடுதளத்துக்கும், மற்றொன்று ஹவுரா ஸ்டேஷன் வாசலில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கும் குடும்பத்தை ஏற்றிச் செல்லவும் போனதென்றால், அந்த வேற்றுமைக்கு ஹேது எஞ்சின் அல்ல. அதைச் சுற்றி மனிதர் அமைத்த உடலும், எடையும், சக்கரமும், நோக்கமும்தான். நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் அவர்கள், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டியில் பொருத்தி, பார்முலா மாருதி என்ற ஒரு பந்தயப் பிரிவையே நம் நாட்டில் உண்டாக்கியபோதும் இதே உண்மையைத்தான் நிலைநாட்டினார். கடைத்தெருவுக்குப் போய்வரும் காரின் எஞ்சின் அது. அதில் பயின்றவர்களுள் ஒருவரே பின்னாளில் பார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன்.

இதெல்லாம் சின்ன எஞ்சின்களின் கதை, உச்சத்தில் நியாயம் வேறு என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். உச்சத்தையே பார்ப்போம். 1988-ஆம் வருஷத்தில் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் அணி வென்றது. வண்டியில் இருந்தது ஹோண்டாவின் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின். ஹோண்டா எஞ்சினின் மகிமைக்கு இதையே இன்றளவும் நிரூபணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அதே வருஷம் லோட்டஸ் அணிக்கும் ஹோண்டா அதே எஞ்சினைக் கொடுத்திருந்தது என்பதையும், அந்த லோட்டஸை ஓட்டியவர் சாமானியர் அல்ல, முந்தைய ஆண்டின் உலக சாம்பியனான நெல்சன் பிகே என்பதையும், அவ்வளவும் இருந்து லோட்டஸுக்கு ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இமோலாவில் நடந்த தகுதிச் சுற்றில் மெக்லாரனின் சென்னாவும் பிராஸ்டும் முதலிரண்டு இடங்களைப் பிடிக்க, மூன்றாவதாக வந்த பிகே, முதல்வரைக் காட்டிலும் ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தார். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டுச் சண்டையிடும் இடத்தில் மூன்று விநாடி என்பது ஒரு யுகம். எஞ்சின் ஒன்றே; யுகம் மட்டும் எங்கிருந்து வந்தது?

பழைய கதை என்று இதையும் தள்ளுவோர்க்கு, 2023-ஆம் வருஷக் கணக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ரெட் புல் அணி 22 பந்தயங்களில் 21-ஐ வென்று 860 புள்ளிகள் சேர்த்தது. அதே ஹோண்டா எஞ்சினைக் கொண்டு, அதே முதலாளியின் கீழ் இயங்கிய சகோதர அணியான ஆல்ஃபாடௌரி அந்த வருஷம் முழுதும் ஓடிச் சேர்த்தது 25 புள்ளிகள்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியை மறைத்துப் பேசுவது நியாயமாகாது; அது 2014. அந்த வருஷம் விதிகள் மாறி, 1.6 லிட்டர் வி6 டர்போவோடு மின்சக்தியும் சேர்ந்த கலப்பு எஞ்சின் வந்தபோது, மெர்சிடிஸ் பொறியியலாளர்கள் டர்போவின் இரு பாகங்களாகிய டர்பைனையும் கம்ப்ரஸரையும் பிரித்து, எஞ்சினின் பின்முனையில் ஒன்றும் முன்முனையில் ஒன்றுமாக வைத்து, நடுவில் நீண்ட அச்சால் இணைத்த சாமர்த்தியத்தை நானும் வியக்கிறேன். அந்த எஞ்சின் மற்றவர்களுடையதைவிட மேலானது என்பதில் சந்தேகமே இல்லை. 19 பந்தயங்களில் 16-ஐ மெர்சிடிஸ் அணி வென்றது. அந்த எஞ்சினை விலைக்கு வாங்கிய வில்லியம்ஸ் அணி மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தது. ஆனால் வாதம் அங்கே நின்றுவிடுவதில்லை. மெர்சிடிஸ் தவறவிட்ட மூன்று பந்தயங்களை வென்றவர் யார்? எஞ்சினே எல்லாம் என்றால் வில்லியம்ஸோ, மெக்லாரனோ, ஃபோர்ஸ் இந்தியாவோ அல்லவா வென்றிருக்க வேண்டும்? அவர்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கனடாவிலும் ஹங்கேரியிலும் பெல்ஜியத்திலும் வென்றவர், அந்த வருஷம் பலராலும் ஏளனம் செய்யப்பட்ட ரெனோ எஞ்சினோடு ரெட் புல்லை ஓட்டிய டேனியல் ரிக்கார்டோ. பத்து வருஷம் கழித்து, 2024-இல், மெர்சிடிஸ் எஞ்சினை விலைக்கு வாங்கி ஓடிய மெக்லாரன் அணி சாம்பியனாயிற்று. அந்த எஞ்சினை உண்டாக்கிய மெர்சிடிஸ் அணியோ நான்காவதாக வந்தது. தறியில் நெய்தவர் வீட்டில் இருப்பதைவிட, வாங்கியவர் வீட்டில் அந்தப் பட்டு அழகாக உடுத்தப்பட்டது.

இனி, நம்பகம் அதிருஷ்டம் என்னும் வாதம். இந்த ஊரில் நம்பகமான கார் எதுவென்று கேட்டால் வயதானவர்கள் தயங்காமல் அம்பாசடர் என்பார்கள். அந்தக் காரின்மேல் எனக்கும் தீராத வாஞ்சை உண்டு. ஆயினும் அந்தப் பாராட்டுக்குள் இரண்டு குணங்கள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. ஆடி மாத மழையில் தண்டனியா வட்டாரம் முழங்கால் ஆழத்துக்கு நீரில் நிற்கும்போது அம்பாசடரும் நின்றுபோனதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் டிரைவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஒரு துணியும் ஒரு ஸ்பானரும் கொண்டு அதை மறுபடி உயிர்ப்பித்துவிடுவார். எளிதில் சீராக்கப்படுவது ஒரு குணம். சீர்கெடாமலே இருப்பது வேறொரு குணம். பந்தய எஞ்சினுக்கு முதலாவது குணம் இன்று அறவே மறுக்கப்பட்டிருக்கிறது: சர்வதேச மோட்டார் சம்மேளனம் எஞ்சினுக்கு முத்திரை வைத்துவிடுகிறது, உடைத்தால் தண்டனை. ஆகவே இரண்டாவது குணம் ஒன்றையே நம்பி அது வாழவேண்டும்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1986-இல் பி.எம்.டபிள்யூ.வின் டர்போ எஞ்சின், தகுதிச் சுற்றுக்கென்று ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் முறுக்கப்பட்டு, சில சுற்றுகள் ஓடி முடித்தவுடன் கழற்றி வைக்கப்படும். பந்தயத்துக்கு வேறொன்று வரும். 2004-இல் ஒரு வாரயிறுதி முழுவதற்கும் ஓர் எஞ்சின் என்று விதி வந்தது. மறு வருஷம் இரண்டு வாரயிறுதிகளுக்கு ஒன்று என்றாயிற்று. 2018-இல் 21 பந்தயங்களுக்கு மூன்றே மூன்று. ஒரு பந்தயத்தின் தூரம் ஏறத்தாழ 305 கிலோமீட்டர். ஏழு பந்தயங்களின் தூரத்தையும், அவற்றுக்கு முன்னான பயிற்சியையும் ஒரே எஞ்சின் உச்ச வேகத்தில் தாங்கவேண்டும். இப்படிப்பட்ட பரீட்சையில் வருஷந்தோறும் தேறுவதை அதிருஷ்டம் என்று சொன்னால், பரிசோதனை மேடையில் எஞ்சினை இரவு பகலாக ஓட்டி, எண்ணெயில் கலந்துவரும் உலோகத் துகளைப் பரிசோதித்து, தேய்மானத்தை அதன் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் பெயர் தெரியாத மெக்கானிக்குகளுக்கு நாம் என்ன மரியாதை செய்தவர்களாவோம்? 2016-இல் மலேசியாவின் செபாங்கில், முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த ஹாமில்டனின் எஞ்சின் தீப்பிடித்து நின்றதும், அந்த வருஷச் சாம்பியன் பட்டம் ஐந்தே புள்ளிகளில் ரோஸ்பர்க்கிடம் போனதும் எனக்கு மறக்கவில்லை. அது துரதிருஷ்டம் என்று பிள்ளைகள் சொன்னால் நான் தர்க்கிக்கமாட்டேன். ஒரு பியரிங் ஒரு நாளில் கெடுவதில் தற்செயலுக்கு இடம் உண்டு. 2002-இல் ஷூமாக்கர் 17 பந்தயங்களையும் ஓடி முடித்து, பதினேழிலும் முதல் மூன்று இடங்களுக்குள் நின்றதில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது வாதத்தை இந்த ஊரில் கேட்கும்போதுதான் எனக்கு மிகுந்த ஆச்சரியம் உண்டாகிறது. ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி 1970 முதல் 1975 வரை ஆறு வருஷம் இடைவிடாமல் கல்கத்தா லீகை வென்றது. அதனால் மைதானம் காலியாகிவிட்டதா? ஏழாவது வருஷம், ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக ஆட்டம் ஆரம்பித்துப் பதினேழு விநாடிக்குள் மோகன் பகானின் அக்பர் அடித்த கோலை இந்நகரத்துப் பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பதினேழு விநாடிக்கு அத்தனை கனம் கொடுத்தது முந்தைய ஆறு வருஷத்து ஆதிக்கமே அல்லவா?

எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்ற பரிகாரம் நம் நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் நடந்த இந்தியன் ரேசிங் லீக் பந்தயத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகை வண்டி, ஒரே வகை எஞ்சின். நம் சௌரவ் கங்கூலியின் கொல்கத்தா ராயல் டைகர்ஸும் அவற்றுள் ஒன்று. ஓட்டுநரை அறிவதற்கு அது உத்தமமான வழி. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பார்முலா ஒன் என்பது ஓட்டுபவர்களின் போட்டி மட்டுமல்ல, செய்பவர்களின் போட்டியும்கூட. செய்பவனின் கையைக் கட்டிவிட்டால் அதன் ஒரு கண் குருடாகிவிடும். தவிர, எஞ்சின் விதியை மாற்றினால் ஆதிக்கம் ஒழியும் என்பதும் நிச்சயமில்லை. 1989-இல் டர்போ அடியோடு விலக்கப்பட்டு, புதிய மூன்றரை லிட்டர் எஞ்சின்கள் வந்தன. அந்த வருஷமும், அதற்கடுத்த இரண்டு வருஷங்களும் மெக்லாரனே சாம்பியன்.

ஆதிக்கம் சரிவது பெரும்பாலும் எஞ்சின் அல்லாத இடத்தில். 2004-இல் 18 பந்தயங்களில் 15-ஐ வென்ற ஃபெராரி, மறு வருஷம் 19-இல் ஒன்றே ஒன்றை வென்றது. அந்த வருஷம் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக்கூடாது என்று விதி வந்ததும், ஃபெராரி நம்பியிருந்த பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள் அதைத் தாங்காததுமே பிரதான காரணம். அந்த ஒரே வெற்றி கிடைத்தது ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில். நம் கடிகாரத்தில் அது நள்ளிரவை ஒட்டிய நேரம். தெருவெல்லாம் அடங்கிக்கிடக்க, தொலைக்காட்சியின் முன் நான் தனியே உட்கார்ந்திருந்தேன். மிஷலின் டயர்கள் அந்தத் தளத்தின் சரிவான வளைவைத் தாங்கமாட்டா என்று தெரிந்ததால் 14 வண்டிகள் பந்தயம் தொடங்குமுன்பே விலகிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறே வண்டிகள் ஓடின. விலகியவற்றுள், முதல் வரிசையில் முதலிடம் பெற்றிருந்த டொயோட்டா அணியின் சொந்த வண்டியும் ஒன்று. ஃபெராரிகள் இரண்டும் முன்னே போக, மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தவை இரண்டு ஜோர்டான் வண்டிகள். நான்காவதை ஓட்டி ஐந்து புள்ளிகளைப் பெற்றவர் நம் நரேன். ஜோர்டான் வண்டிகள் இரண்டிலும் இருந்தது டொயோட்டா எஞ்சின்.