மொட்டைமாடி விமானமும் ஒன்றரை லிட்டர் பெட்ரோலும்

மும்பையின் காந்திவலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி முடித்த விமானி அமோல் யாதவைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்போம். 2016 பிப்ரவரியில் பாந்திரா குர்லா வளாகத்தில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. பதிவெண் 2017 நவம்பரிலும், பறந்து பார்ப்பதற்கான அனுமதி 2019 அக்டோபரிலும் கிடைத்தன. 2020 ஆகஸ்டில் துளே ஓடுதளத்திலிருந்து அது எழுந்தது. மாடியிலிருந்து ஓடுதளம் வரையிலான இந்த நெடும் பயணத்தைச் செய்தித்தாள்கள் ஒரு வீரகாவியமாகவே எழுதின. அந்தப் பாராட்டில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நான் படித்த அளவில், தொட்டியிலிருந்து இயந்திரத்திற்குப் பெட்ரோல் எப்படிப் போகிறது, அதை யார், எப்படிச் சோதித்தார்கள் என்று ஒரு செய்தியாளரும் கேட்கவில்லை. என் பார்வையில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

வீட்டில் கட்டப்படும் விமானம் என்றதும் இறக்கை ஒடிந்துவிடுமோ என்றுதான் மக்கள் அஞ்சுகிறார்கள். இயந்திரம் நடுவானில் நின்றுபோவது அதைவிடச் சாதாரணமாக நிகழக்கூடியது. அதற்குப் பல நேரங்களில் காரணம் இயந்திரம் கெட்டுப்போவதன்று, அதற்கு எரிபொருள் எட்டாமற்போவதே. தொட்டி, குழாய், வடிகட்டி, வால்வு, பம்ப், தொட்டிக்குள் காற்று நுழையும் துளை என்று பட்டியல் சிறியது. இவற்றுள் ஒன்று பிசகினாலும் முடிவு ஒன்றுதான்.

பாண்டுப்பில் வசிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இந்நகரத்தின் குடிநீரைச் சுத்திகரிக்கும் மாபெரும் நிலையம் நம் பகுதியில்தான் இருக்கிறது. ஆயினும் குன்றுச் சரிவில் மேலே போகப் போகக் குழாயில் நீர் நூலாக இறங்குவதை நாம் அறிவோம். நீர் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்திற்கு வருகிறது என்பது வேறு கணக்கு. விமானத்திலும் இப்படியே. இறக்கை மேலே இருந்தால் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கும். கீழே இருந்தால் பம்ப் உறிஞ்சித் தர வேண்டும். மேலே ஏறுகையில் விமானம் மூக்கைத் தூக்குகிறது. அப்போது இயந்திரம் தொட்டியை நோக்கி உயர்ந்துவிடுகிறது; ஈர்ப்பு தரும் அழுத்தம் குறைகிறது. இயந்திரத்திற்கு மிக அதிகப் பசி எடுப்பதும் சரியாக அதே நேரத்தில்தான்.

ஆகவே அமெரிக்காவில் தாமே விமானம் கட்டுவோருக்குச் சொல்லித்தரப்படும் பழைய சோதனை ஒன்று உண்டு. தரையிலேயே மூக்கை ஏறுகோணத்திற்கும் சற்று அதிகமாக உயர்த்தி நிறுத்துவார்கள். தொட்டியில் மிகக் குறைந்த அளவே பெட்ரோல் இருக்கும். இயந்திரத்தில் சேரும் இடத்தில் குழாயைக் கழற்றி, அளவு குறித்த பாத்திரத்தில் விட்டு, கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஈர்ப்பால் இயங்கும் அமைப்பென்றால், முழு வேகத்தில் இயந்திரம் குடிப்பதைப் போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் வைத்ததென்றால் ஒன்றேகால் மடங்கு. நூற்றெண்பது குதிரைத்திறன் இயந்திரம் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 60 லிட்டர் குடிக்கும் என்று கொள்வோம். ஈர்ப்பு அமைப்பில் நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டர் பாத்திரத்தில் விழ வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாளி, ஒரு கடிகாரம், பக்கத்தில் தீயணைப்பான். கூலி எதுவும் இல்லை.

இதைக்கூடச் செய்யாமல் பறந்தவர்கள் அங்கும் இருந்தார்கள் போலும். இத்தகைய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருள் அமைப்பைச் சோதித்து அறிக்கை தந்த பிறகே பறக்கும் சான்று வழங்க வேண்டும் என 2012இல் பரிந்துரைத்தது.

பாடகர் ஜான் டென்வரின் மரணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் அவருடைய ‘லாங் ஈஸி’ விமானம் விழுந்தது. அது வேறொருவர் வீட்டில் கட்டியது. டென்வர் அதைப் புதிதாக வாங்கியிருந்தார். மூல வரைபடத்தில் தொட்டி மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கிடையே இருந்தது. பெட்ரோல் குழாய் விமானி அமரும் இடத்திற்குள் வரக்கூடாதென்று கருதிய கட்டுநர், அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். எண்ணம் தவறன்று, நெருப்புக்கு அஞ்சிச் செய்தது. ஆனால் அதைத் திருப்ப விமானி உடலை முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அப்படித் திரும்பியபோது அவர் கால் சுக்கான் மிதியை அறியாமல் அழுத்தியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. எட்டாத இடத்தில், குறியீடின்றி வால்வை வைத்ததையும், கிளம்பும் முன் எரிபொருளைச் சரிவரத் திட்டமிடாததையும் வாரியம் காரணங்களுள் சேர்த்தது. வாளிச் சோதனையில் இந்த அமைப்பு குறையின்றித் தேறியிருக்கக்கூடும். விமானியை இருக்கையில் பட்டைகட்டி அமர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திருப்பச் சொல்வதும் சோதனையே என்பதை இந்த விபத்துக்குப் பிறகு யாரும் மறுக்க இயலாது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. சிறு விமானங்களுக்கான ஏவ்கேஸ் எனும் பெட்ரோலை 2022 வரை இறக்குமதிதான் செய்துவந்தோம். பிறகே இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரிக்கத் தொடங்கியது. இன்றும் அது எல்லா ஊரிலும் கிடைக்கும் பொருளன்று. பங்க் பெட்ரோல் எளிதில் கிடைக்கும், ஆனால் அதில் இப்போது 20 விழுக்காடு எத்தனால். வெளிநாட்டில் வீட்டு விமானங்களில் பெரிதும் பயன்படும் ராட்டாக்ஸ் 912 இயந்திரத்திற்கு அதன் தயாரிப்பாளர் ஏற்பது 10 விழுக்காடு வரைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மேலே குளிர்ந்ததும் நீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். சில ரப்பர் வளையங்களையும் கண்ணாடியிழைத் தொட்டியின் பிசினையும் இளக்கும். மும்பையின் மழைக்கால ஈரத்தில் இதைச் சொல்லவே வேண்டாம். எனவே நேற்று நன்றாக ஓடிய அமைப்பு இன்றைய பெட்ரோலில் மறுபடி சோதிக்கப்பட வேண்டும்.

இந்நகரத்தில் விமானப் பெருமைக்குப் பஞ்சமில்லை. 1895இல் சௌபாத்திக் கடற்கரையில் தல்படே விமானம் பறக்கவிட்டார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அதற்குத் துணையாகக் காட்டப்படும் ‘வைமானிக சாஸ்திர’த்தின் விமானங்கள் பறக்கத் தகுதியற்றவை என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1974இலேயே எழுதிவிட்டனர். கதைக்குச் சோதனைக் குறிப்பேடு தேவையில்லை. யாதவின் விமானம் கதையன்று. அதனால்தான் அதற்கு வேண்டியது வேறு வகையான மரியாதை.

அரசு இத்தகையோரை முதலில் ஆண்டுக்கணக்கில் அலையவிடுகிறது, பிறகு மேடையேற்றி மாலையிடுகிறது. இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கட்டுபவர் வாளிச் சோதனையின் எண்களை எழுதி ஒப்படைக்க ஒரு படிவம். அதை நேரில் பார்த்துக் கையொப்பமிட ஒரு பொறியாளர். நம் பாண்டுப்பிலிருந்து பவாய் ஐஐடியின் விமானவியல் துறை கூப்பிடு தூரம். துளேயில் ஓடுதளம் இருக்கிறது. பம்பாய் ஃபிளையிங் கிளப்பின் மாணவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, மூக்கைத் தூக்கி நிறுத்த ஒரு சாய்தளமும் அளவு பார்க்கும் கருவிகளும் வைக்க ஆகும் செலவு, ஒரு கண்காட்சி அரங்கின் வாடகையைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். எல்.பி.எஸ். சாலையோரப் பட்டறைகளில் கடைசல் பிடிக்கும் கைகளுக்கு எரிபொருள் குழாயின் இணைப்பைக் கசிவின்றிச் செய்வது பெரிய வித்தையன்று. அவர்கள் செய்ததை எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்பதைத்தான் யாரும் எழுதித் தரவில்லை.