சம்பளமில்லாத பதினைந்து மணி நேரம்

பங்சார் எல்.ஆர்.டி நிலையத்தில் இரவு பத்து மணிக்கு மேல் சற்று நின்று பாருங்கள். கழுத்தில் அலுவலக அட்டை, தோளில் மடிக்கணினிப் பை. நம் பிள்ளைகள்தாம். கிள்ளானுக்கோ ரவாங்குக்கோ போய்ச் சேரும்போது வீடு தூங்கியிருக்கும். விடிந்தால் மறுபடியும் ரயில். அவர்களில் ஒருவர், "அம்மா, சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்ல, ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேலைக்கு மாறப் போறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். "ஆறாயிரம் வெள்ளி வேலைய விட்டுட்டு யாராச்சும் போவாங்களா? உங்க தாத்தா பாட்டி மரம் சீவி உங்கப்பாவப் படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்று வீடே எழுந்து நிற்கும். பிறகு மாமா பேசுவார், கோவிலில் பார்க்கிறவர்கள் விசாரிப்பார்கள்.

அந்தப் பிள்ளை செய்வதில் தவறே இல்லை என்பது நம் தீர்ப்பு. அதைச் சோம்பல் என்று சொல்கிற வாய்தான் தவறு செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 6,000 வெள்ளி, வாரத்துக்கு 60 மணி நேர வேலை. மாதத்துக்குச் சுமார் 260 மணி நேரம். இன்னொரு வேலையில் 4,200 வெள்ளி, வாரத்துக்கு 42 மணி நேரம். மாதத்துக்குச் சுமார் 182. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரு மணி நேரத்தின் விலை 23 வெள்ளிதான். "பெரிய சம்பளம்" என்று ஊர் மெச்சுவது, அதே விலைக்குக் கூடுதலாக விற்ற இரவுகளைத்தான். அந்த இரவுகளுக்கு உடம்பு தரும் விலை தனி. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. 2016ஆம் ஆண்டில் மட்டும் இந்த நீண்ட வேலைநேரத்தால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்பது அவற்றின் மதிப்பீடு.

இங்கே சட்டத்தையும் பார்க்கவேண்டும். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவில் வார வேலைநேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நல்ல திருத்தம். ஆனால் அலுவலக வேலையில் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டிவிட்டால் ஓவர்டைம் ஊதியத்தைச் சட்டப்படி கேட்க முடியாது. 45 மணி நேர வரம்பு எல்லாருக்கும் உண்டு; அதை மீறுவதற்கான விலை மட்டும் 4,000 வெள்ளியோடு நின்றுவிடுகிறது. சட்டத்தின் கணக்கில், 60 மணி நேரம் உழைக்கும் ஆறாயிரம் வெள்ளிக்காரர் வாரந்தோறும் 15 மணி நேரத்தை முதலாளிக்குச் சும்மா கொடுக்கிறார். மாதத்துக்கு 65 மணி நேரம். பதவிப் பெயரில் "மேனேஜர்" என்று ஒட்டிவிட்டு இப்படி வேலை வாங்குவது, நாகரிகமான கட்டடத்தில் நடந்தாலும், உழைப்புத் திருட்டுதான்.

குறைந்த சம்பளத்தால் நட்டமே இல்லை என்று நாம் பசப்பவில்லை. ஊழியர் சேமநிதியில் 6,000 வெள்ளிக்காரருக்கு மாதம் 1,380 வெள்ளி சேர்கிறது. 4,200 வெள்ளிக்காரருக்கு முதலாளி 13 விழுக்காடு போட்டாலும் 1,008தான். மாதம் 372 வெள்ளி குறைவு, ஈவுத்தொகையோடு முப்பது ஆண்டுக்குப் பெருக்கினால் அது சின்னத் தொகை அன்று. அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்கவேண்டும். பி.டி.பி.டி.என் உயர்கல்விக் கடன், அப்பாவின் டயாலிசிஸ், தம்பியின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் ஒரே தோளில் விழுந்த பிள்ளைக்குத் தேர்வு என்ற பேச்சே இல்லை. அந்தப் பிள்ளையிடம் போய் மன அமைதியைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் வீட்டுக் கடனும் அரிசிச் செலவும் அடங்கிய பிறகும் இரண்டாவது கார், பெரிய கல்யாண மண்டபம், சொந்தக்காரர் முன்னால் சொல்லிக்கொள்ள ஒரு தொகை என்பதற்காகப் பிள்ளையின் தூக்கத்தைக் கேட்கும் பெற்றோர் தவறு செய்கிறார்கள். பெரியவர்கள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

தாத்தா பாட்டியின் பெயரை எடுத்துவிட்டோம், அவர்கள் கதையையும் முழுதாகப் பேசிவிடுவோம். இன்று காபிக் கடைகளும் மாடி வீடுகளும் நிற்கும் இந்தப் பங்சார் ரப்பர்த் தோட்டமாக இருந்த மண். இருட்டோடு பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, கங்காணியின் குரலுக்குப் பயந்து, பால்வாளி சுமந்தவர்கள் நம்மவர்கள். அவர்கள் எதையும் பொறுத்துக்கொண்டு உழைத்தார்கள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அது பாதி உண்மை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். அதே மூச்சில் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிக்கச் சொன்னார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள்; பட்டாளம் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். காசு வேண்டுமா, மரியாதையும் ஓய்வும் வேண்டுமா, ஒன்றைச் சொல் என்று எவரும் அவர்களைக் கேட்டிருந்தால், இரண்டும் எங்களுடையவை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பேரப்பிள்ளைகளை மட்டும் ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்? 4,000 வெள்ளி வரம்பை மனிதவள அமைச்சு நீக்கவேண்டும். 45 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் எவருக்கும், பதவிப் பெயர் எதுவானாலும், ஓவர்டைம் கொடுக்கவேண்டும். நம் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கையில் எடுக்கவேண்டும். அதுவரை, ஆறு மணிக்கு வீடு திரும்ப முடிவெடுத்த பிள்ளைக்குச் சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், எவ்வளவு குறைந்தது என்று கேட்காமல்.