நாலு இலையை வெட்டாதீர்கள்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம் பத்மநாபபுரத்தில் வீட்டுக்கு வீடு புகைப்படக்காரர்கள். தேன்சிட்டு ஒரு கூடு தொங்கவிட்டால் போதும். பேரன் செல்போனோடு நிற்கிறான். தாத்தா கத்தரிக்கோலோடு நிற்கிறார். "இலை மறைக்கு, நாலு இலையை நறுக்கினா படம் தெளிவா விழும்." இதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

அந்த நாலு இலைதான் சித்திரை வெயிலில் குஞ்சுக்குக் குடை. காக்கையின் கண்ணுக்குத் திரை. சிலந்தி நூலால் கூட்டைப் பின்னி, வாசலுக்கு மேல் சிறு தாழ்வாரமும் இறக்குகிற தாய்க்கு மறைவு எங்கே வேண்டும் என்று தெரியாதா? கூட்டருகே ஆள் நின்றால் அது இரையோடு வெளியிலேயே தத்தளிக்கும். நாம் படம் எடுக்கும் நேரமெல்லாம் குஞ்சுக்குப் பட்டினி.

"பிரியத்தில்தானே எடுக்கிறோம்" என்பார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டுங்கள். பிரிவு 2(16)-இன்படி, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை'யில் சேரும். கோப்பு பார்த்தே தலை நரைத்த குமாஸ்தா சொல்கிறேன், சட்டத்தில் பிரியத்துக்கென்று தனிப் பத்தி கிடையாது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ழான் ஆன்றி ஃபாப்ர் 55 வயதில், 1879-இல், செரிஞானில் ஒரு தோட்ட வீட்டுக்குக் குடிபோனார். 1915-இல் சாகும்வரை அங்கேயே பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அவருக்கிருந்த பொறுமை ஓய்வூதியக்காரர்களான நமக்கு இருக்கக் கூடாதா?

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பாருங்கள். செம்பருத்தியில் தேன் குடிக்க வரும்போது படம் எடுங்கள். கூட்டைக் கிட்டத்தில் எடுத்தே தீர வேண்டுமென்றால், குஞ்சுகள் பறந்துபோன பிறகு எடுங்கள்.