படம் எடுத்துக்கொள்பவர்

திறந்தவெளியில் உருவப்படம் எடுக்கப் பழகத் தொடங்கும் இந்திய இளைஞர் பலருக்கு முதற்கனவு வாராணசியின் படித்துறை. அடுத்தது புஷ்கர் ஒட்டகச் சந்தை. கையில் 50 மி.மீ. லென்ஸ், எதிரே பெயர் தெரியாத ஒரு முதியவர், பின்புலம் கரைந்து மங்க வேண்டும் என்ற பேராசை. இது தவறான தொடக்கம். அறம் ஒருபுறம் இருக்க, கற்க வேண்டியதை அங்கே கற்கவே முடியாது.

முதலில் கற்க வேண்டியது வெளிச்சம். 'மாலைப் பொன்னொளியில் எடுங்கள்' என்னும் அறிவுரை பெரும்பாலும் குளிர்நாட்டுப் பாடங்களிலிருந்து வருவது. அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் அவ்வொளி நெடுநேரம் தங்குகிறது. வெப்பமண்டலத்திலோ அது ஏறக்குறைய நேராக அடிவானத்துக்குள் இறங்கிவிடுகிறது. லென்ஸை மாற்றி நிமிர்வதற்குள் பாதி வெளிச்சம் போய்விடும். நண்பகலில் உச்சந்தலையில் விழும் ஒளி கண்குழிகளைக் கருநிழலாக்கிவிடுகிறது. ஆகவே இந்நாட்டுத் தொடக்கநிலையாளருக்கு ஏற்ற இடம் திண்ணை, அல்லது வடநாட்டு வீடுகளின் வராந்தா. மேலே கூரை நிழல்; எதிரே தெருவின் வெளிச்சம்; எதிர்வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தால் கூடுதல் நன்மை. முகம் தெருவை நோக்கித் திரும்பினால் கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். இதைக் கற்க ஒரே முகத்தை வெவ்வேறு பொழுதுகளில் பார்த்தாக வேண்டும். படித்துறையில் எதிர்ப்பட்ட அந்நியர் அதற்காக நிற்கமாட்டார். நிற்க வேண்டிய கடமையும் அவருக்கில்லை.

அடுத்தது தோலின் நிறம். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக் கணக்கிடும் இயல்புடையது. வெள்ளைச் சுவர் முன் நிற்கும் கரிய முகம் அதனால் மேலும் இருண்டுவிடுகிறது. அதே முகம் சட்டகத்தை நிரப்பினால் வெளுத்துவிடுகிறது. ஒளியளவைக் கையால் கூட்டியோ குறைத்தோ திருத்த வேண்டும். படச்சுருள் காலத்தில், வண்ண அச்சுகளைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளையினப் பெண்ணின் முகம். இன்று கைப்பேசியின் அழகூட்டும் வசதி அவ்வேலையை இன்னும் துணிவாகச் செய்கிறது. அதை முதலில் அணைத்துவிட வேண்டும். எதிரில் இருப்பவரின் நிறத்தை உள்ளபடி கொண்டுவரத் தெரியாதவர் பின்புலத்தை மங்கச் செய்து என்ன பயன்?

இங்கே மொழி ஒன்றைக் காட்டித் தருகிறது. 'அவள் படம் எடுத்தாள்' என்றால் கேமரா அவள் கையில் இருக்கிறது. 'அவள் படம் எடுத்துக்கொண்டாள்' என்றால் பெரும்பாலும் அவள் கேமராவின் முன் இருக்கிறாள். ஆயினும் எழுவாய் அவளே. இந்தியிலும் 'கீஞ்ச்னா' எடுப்பவரின் வினை, 'கிஞ்ச்வானா' எடுப்பிப்பவரின் வினை. ஸ்டூடியோக்களுக்குக் குடும்பங்கள் தாமாகவே சென்று, தலைவாரி, பணம் கொடுத்து நின்ற காலத்தின் உறவு இந்த வினைகளில் வாழ்கிறது. கேமரா தெருவுக்கு வந்தபின் அந்த எழுவாய் செயப்படுபொருளாகிவிட்டது.

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு கெடும் என்பர். ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமொன்றில் எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படத்தைச் சான்றாகவும் காட்டுவர். அது 1985இல் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்தது. அவர் பெயர் ஷர்பத் குலா என்று உலகம் அறிந்தது 2002இல். உலகப் புகழ்பெற்ற முகத்துக்கு 17 ஆண்டுகள் பெயரில்லாதிருந்ததைப் பழகுவோர் முன்மாதிரியாகக் கொள்வது எங்ஙனம்? மேலும், கேட்டபின் வரும் விறைப்பு முதல் பத்துப் படங்கள் வரைதான். (ஸ்டூடியோப் படங்களில் தாத்தாக்கள் விறைத்தே நிற்கின்றனர், அவற்றை எவரும் சுவரிலிருந்து கழற்றவில்லை.)

எனவே தொடங்க வேண்டிய இடம், தாமே படம் கேட்பவரிடம்: விடுதிச் சமையற்கார அம்மா, மகனுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்னும் காவலாளி, தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர். எடுத்ததைத் திரையில் காட்டி, பிடித்ததை அவரையே தேரச் சொல்லி, அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். சமையற்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, இந்தச் சேலை வேண்டாம், நாளைக்கு வேறு உடுத்தி வருகிறேன் என்று சொல்லக்கூடும். மறுநாள் அதே திண்ணையில் ஒளியளவை மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். புதுச் சேலை வெள்ளையாக இருந்தால் இன்னும் கவனமாக.