‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு கும்பிடா?

“கும்பிட்டு வைப்போமே! சாமி இருந்தால் புண்ணியம். இல்லாவிட்டால் நமக்கென்ன நஷ்டம்?”

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. மில் வாசல் டீக்கடையில் கேட்கிறோம். நடவுக்கு நடுவே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதும் கேட்கிறோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செலவு கொஞ்சம், கிடைத்தால் லாபமோ மலையளவு. புத்தியுள்ளவன் எவன் வேண்டாம் என்பான்?

இது வாய்ப்பேச்சாக மட்டும் வந்ததல்ல. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் போற்றும் கணித மேதை ஒருவர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். பிரான்ஸ் தேசத்து பிளேஸ் பாஸ்கல்தான் அவர். மேதையே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் ஏது என்று பலர் வாயடைத்துப் போகிறார்கள். நாம் வாயடைத்துப் போக வேண்டியதில்லை. கூலிக் கணக்கில் எட்டணா குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். இந்தக் கணக்கையும் வரி வரியாகப் பார்த்துவிடுவோம்.

யார் இந்தப் பாஸ்கல்?

1623ல் பிறந்தவர். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். 1639ல் நார்மண்டி மாகாணத்தில் உப்பு வரியை எதிர்த்து ஏழை ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கடற்கரை மணலில் வெறுங்காலுடன் பாடுபட்ட உப்புத் தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். ‘வெறுங்காலர் கலகம்’ என்றே அதற்குப் பெயர். மன்னனின் பட்டாளம் வந்து கலகத்தை நசுக்கியது. அந்தச் சமயத்தில்தான் பாஸ்கலின் தகப்பனார் அந்த மாகாணத்துக்கு வரி அதிகாரியாக அனுப்பப்பட்டார். முடிவில்லாமல் எண்களைக் கூட்டிக் கூட்டி அவர் சலித்துப் போனார். அவருக்கு உதவியாகத்தான் 1642ல், தம் 19வது வயதில், பல்சக்கரங்களால் ஓடும் கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார் பாஸ்கல்.

1654ல் சூதாட்டக்காரர்களின் கணக்கு ஒன்று அவரிடம் வந்தது. ஆட்டம் பாதியில் நின்றுவிட்டால் பந்தயப் பணத்தை எப்படி நியாயமாகப் பிரிப்பது? பாஸ்கலும் பெர்மா என்ற மற்றொரு மேதையும் கடிதங்கள் எழுதி இதற்கு விடை கண்டார்கள். இன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரிமியம் போடும் கணக்குக்கெல்லாம் அஸ்திவாரங்களில் அதுவும் ஒன்று.

அதே ஆண்டு நவம்பர் 23ந் தேதி இரவு, அவர் மனத்தை உலுக்கிய மத அனுபவம் ஒன்று நேர்ந்தது. அதை எழுதி, தம் சட்டைக்குள் தைத்து வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகே அது வெளியே வந்தது. 1662ல், 39 வயதில் அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் 1670ல் ‘சிந்தனைகள்’ என்ற நூலாக வெளிவந்தன. நாம் பேசும் பந்தயக் கணக்கு அந்தக் குறிப்புகளில் ஒன்று.

கணக்கு என்ன?

கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் தீர்க்க முடியாது என்கிறார் பாஸ்கல். ஆனால் ஒதுங்கி நிற்கவும் முடியாது. பிறந்துவிட்டோம், ஆட்டத்தில் இருக்கிறோம், ஒரு பக்கம் பந்தயம் கட்டியே தீர வேண்டும். ‘உண்டு’ என்று கட்டி, கடவுளும் இருந்தால் முடிவில்லாத பேரின்பம். இல்லாவிட்டால் போவது அற்ப சொற்பம். முடிவில்லாத லாபத்துக்கு முன்னால் அளவுள்ள நஷ்டம் ஒரு நஷ்டமா?

“எனக்கு நம்பிக்கை வரவில்லையே, என்ன செய்ய?” என்று ஒருவன் கேட்டால் அதற்கும் வழி சொல்கிறார். நம்பினவர்கள் செய்வதையெல்லாம் நீயும் செய். தீர்த்தம் எடுத்துக்கொள், பூசை வைக்கச் சொல். நாளாக ஆக நம்பிக்கை தானே படிந்துவிடும்!

எந்தக் கடவுள் பேரில்?

முதல் ஓட்டை இங்கேதான். பாஸ்கலின் ஆட்டத்தில் பந்தயம் கட்ட இரண்டே இடம்: அவருடைய சபையின் கடவுள், அல்லது எந்தக் கடவுளும் இல்லை. உலகம் அப்படியா இருக்கிறது? அதே நாட்டு அறிஞர் திதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சுட்டிக் காட்டினார்: இந்த வாதத்தை ஓர் இமாமும் அப்படியே எடுத்துத் தம் மதத்துக்காகச் சொல்லலாமே!

இமாம் சொல்லலாம், பாதிரியார் சொல்லலாம், பட்டாச்சாரியாரும் சொல்லலாம். ஒவ்வொருவர் கணக்கிலும் லாபம் முடிவில்லாதது. ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கத்து நரகம் பாக்கி நிற்கிறது. எல்லாப் பக்கமும் கட்டலாம் என்றாலோ, பல சாமிகள் அதற்குச் சம்மதிப்பதில்லை. ஆக, எங்கே கட்டுவது என்று கணக்கு சொல்லவே இல்லை. நாம் எந்த வீட்டில் பிறந்தோமோ அந்த வீட்டு வழக்கப்படி கட்டுகிறோம். அதற்குப் பெயர் கணக்கா?

லாபம் என்பதால் உண்மையாகுமா?

இரண்டாவது ஓட்டையை வால்டேர் 1734ல் பிடித்தார். ஒரு விஷயத்தை நம்புவது நமக்கு ஆதாயம் என்பதாலேயே அது உண்மை என்று ருசுவாகிவிடாது என்றார்.

நமக்கு இது நன்றாக விளங்கும். நமக்கு போனஸ் வேண்டும். ஆகவே கம்பெனிக்கு லாபம் வந்திருக்கத்தான் வேண்டும் என்றா நாம் வாதாடுகிறோம்? இல்லை! “பாலன்ஸ் ஷீட்டை எடுத்து வை, பார்ப்போம்” என்கிறோம். ஐந்து ரூபாய்க் கூலிக்கு அத்தாட்சி கேட்கிறவன், ஆயுள் முழுவதையும் கட்டச் சொல்லும் பந்தயத்துக்கு அத்தாட்சி கேட்கக் கூடாதா?

நஷ்டம் இல்லையா?

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை இதுதான். “போவது சொற்பம்” என்கிறது கணக்கு. யாருக்குச் சொற்பம்?

பாஸ்கல் பேசியது தம் காலத்துக் கனவான்களோடு. நம்பினால் அவர்கள் இழக்கப் போவதாக அவர் சொன்னவை கெட்ட சுகபோகமும் வீண் பெருமையும்தான். சுகபோகமே காணாதவனுடைய பந்தயப் பணம் எது? அந்தக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. இங்கே இன்னொரு சங்கதி நினைவுக்கு வருகிறது. 1662ல் பாரீஸ் நகரில், ஆளுக்கு ஐந்து சூ கட்டணத்தில் குறித்த பாதையில் ஓடும் பொதுக் குதிரை வண்டிகளை ஏற்படுத்தியவரும் இதே பாஸ்கல்தான். நல்ல யோசனை. ஆனால் பட்டாளத்துச் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் கூலியாட்களும் அதில் ஏறக் கூடாது என்று பாரீஸ் நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவு பாஸ்கலுடையதல்ல. என்றாலும் அவருடைய பந்தயமும் அந்த வண்டி போலத்தான். நம்மை மனத்தில் வைத்துக் கணக்குப் போடவில்லை.

நம்மிடம் இருப்பது ஒரு ஆயுள், இரண்டு கை, சொந்தப் புத்தி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தொடங்கினால் முதலில் போவது கையிலுள்ள காசு. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், “எதற்கும் இந்தப் பரிகாரத்தைச் செய்துவிடு” என்று ஒருவன் வருகிறான். செய்யாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் மீதி வேலையைச் செய்கிறது. ஆஸ்பத்திரிக்கு வைத்திருந்த பணம் பரிகாரத்துக்குப் போகிறது. இது சொற்ப நஷ்டமா?

அடுத்துப் போவது புத்தி. லாபம் பெரிதானால் அத்தாட்சி வேண்டாம் என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால், பிறகு எவன் வேண்டுமானாலும் நம்மை ஏமாற்றலாம். அத்தாட்சி இல்லாதவன் வாக்குறுதியைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்! பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஊரை ஏய்க்கும் சீட்டுக் கம்பெனிக்காரனின் வித்தை இதுவே. லாட்டரிச் சீட்டின் வசியமும் இதுவே. சீட்டு விலை சொற்பம், பரிசோ லட்சம். அந்தச் சொற்பம் தினம் தினம் சேர்ந்து எத்தனை அடுப்புகளை அணைத்தது! தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். பரலோகச் சீட்டுக்கு முடிவுத் தேதியும் கிடையாது, குலுக்கலைப் பார்த்து வந்து சொன்னவரும் கிடையாது.

பக்தனுக்கும் இது கௌரவம் அல்ல

நம்மோடு தோளோடு தோள் நின்று பாடுபடுகிறவர்களில் உள்ளபடியே பக்தி உள்ளவர்கள் ஏராளம். அவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. துக்கத்தில் ஒரு துணையென்று கும்பிடுகிறவரும், நன்றி சொல்லக் கும்பிடுகிறவரும் லாப நஷ்டம் பார்த்துக் கும்பிடவில்லை. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்: “எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிடுகிறவனை உன் சாமி ஏற்றுக்கொள்ளுமா?” மானேஜர் வரும்போது மட்டும் மிஷினைத் துடைப்பவனை மேஸ்திரிக்கே தெரிகிறது. எல்லாம் அறிந்த சாமிக்குத் தெரியாமல் போகுமா?

பாஸ்கலும் தம் வாழ்க்கையைப் பந்தயமாக நடத்தவில்லை. அவருடைய கடைசி நாட்களில் நடந்ததை அவருடைய அக்காள் எழுதி வைத்திருக்கிறார். தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அவர் இடம் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது. அக்காளின் குழந்தைகளுக்கு அது தொற்றிவிடும் ஆபத்து இருந்தது. அம்மை கண்ட பிள்ளையை வெளியேற்றியிருக்கலாம். பாஸ்கல் என்ன செய்தார்? பிள்ளையைக் கிளப்பினால் அதற்கு ஆபத்து என்று சொல்லி, நோயாளியான தாமே வீட்டைவிட்டு அக்காள் வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. அங்கேயே உயிர் விட்டார்.

எந்தக் கணக்குப் பார்த்து அதைச் செய்தார்? எதிரே ஒரு பிள்ளை கிடந்தது. அதற்கு என்ன வேண்டுமோ அதைச் செய்தார். நம்பிக்கை உள்ளவரும் அப்படிச் செய்யலாம், இல்லாதவரும் செய்யலாம். பக்கத்துக் குடிசைப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் ஜனங்கள் பரலோகச் சீட்டு வாங்கியா ஓடுகிறார்கள்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். மனப்பூர்வமாக நம்புகிறவர் நம்பட்டும். நம்பாதவர் நேர்மையாக, நம்பவில்லை என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும். இருவரும் ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கலாம். ஆனால் பயத்தைக் காட்டிப் பந்தயம் கட்டச் சொல்கிறவன் வந்தால், அவன் எந்த மதத்துக்காரனானாலும் சரி, அவனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “கட்டுவது என் பணம், என் ஆயுள், என் புத்தி. உன் பங்குக்கு நீ என்ன கட்டுகிறாய்?”