பாறையில் இறங்காத எர்த்

புதுக்கோட்டை மாவட்டத்து மண்ணின் குணம் கிணறு வெட்டியவர்களுக்கும் போர் போட்டவர்களுக்கும் நன்றாகத் தெரியும். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம் பக்கமெல்லாம் பாறை. நடுவில் பல ஊர்களில் இரண்டடி தோண்டினாலே செம்புராங்கல் தட்டும். இந்த மண்ணில்தான் வீட்டுக்கு வீடு எர்த் குழி தோண்டுகிறோம். பாதி ஆழத்தில் கடப்பாறை கல்லில் மோதி நிற்கும். அந்த அளவுக்குக் குழாயை அறுத்து நட்டு, உப்பும் கரியும் கொட்டி மூடிவிட்டால் எர்த் வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் அந்தக் குழி காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்ற யாருக்கும் நினைவிருக்காது. அப்படிப்பட்ட எர்த்தை நம்பித்தான் குளியலறைச் சுவரில் வாட்டர் ஹீட்டரை மாட்டுகிறோம். இங்கே அந்த நம்பிக்கை போதாது. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மெயின் போர்டில் இல்லாத வீட்டில் ஹீட்டர் மாட்டுவதில்லை என்று கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் முடிவெடுக்க வேண்டும். மின்வாரியம் அதை நேரில் சரிபார்க்க வேண்டும்.

இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். கோடை மதியத்தில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மார்கழி விடியற்காலையில் கைக்குழந்தையையும், பிள்ளை பெற்றவளையும், மூட்டு வலிக்காரப் பெரியவரையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல முடியாது. முன்பு கொல்லைப்புற அடுப்பில் தென்னை மட்டையையும் பாளையையும் வைத்து எரித்துத் தண்ணீர் காய்ச்சினார்கள். கொல்லையும் இல்லை, மட்டையும் இல்லை என்றான வீடுகளில் அந்த இடத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. வசதியுள்ளவர் வீட்டில் 15 லிட்டர் கீசர். அடுத்த நிலையில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர். அதற்கும் கீழே, வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் ராடும், குழாயிலேயே மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஹீட்டரும். நம் ஊரின் 'எலக்ட்ரிக் ஷவர்' இந்தக் கடைசி வகைதான்.

மேல்நாடுகளில் அந்தப் பெயருடைய கருவி வேறு. பிரிட்டனில் குளிர்காலத்துக் குழாய் நீர் பனி போல வருவதால், ஓடும் நீரை அப்படியே சூடாக்க 9, 10 கிலோவாட் தேவைப்படுகிறது. அதற்குச் சுமார் 40 ஆம்பியர் தாங்கும் தனிக் கம்பி இழுக்கிறார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை. மார்கழியிலும் நம் குழாய் நீர் 25 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் 3 கிலோவாட் ஹீட்டர் அதை 45 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். அந்த 3 கிலோவாட்டும் 13 ஆம்பியர் இழுக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். லைட்டுக்கு இழுத்த மெல்லிய கம்பியில், 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் அதைச் செருகினால் பிளக் இளகிக் கருகும். 16 ஆம்பியர் பாயிண்ட், மெயின் போர்டிலிருந்து குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்க அதற்கென்று தனி எம்சிபி, குளிப்பவர் கைக்கு எட்டாத இடத்தில் ஸ்விட்ச். இவ்வளவு செய்தால் தீப்பிடிக்காது. ஷாக் அடிக்காது என்று மட்டும் சொல்ல முடியாது.

'எம்சிபி இருக்கிறதே, அது விழுந்துவிடாதா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போடலாம். ஹீட்டர் காயிலின் உறை அரித்துப்போய், பேஸ் மின்சாரம் உலோகத் தொட்டிக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். எர்த் குழியின் மின்தடை 100 ஓம். பாறை மண்ணில், கோடையில் இது அதிசயமான எண் அல்ல. 230 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 20 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஹீட்டர் ஒழுங்காக ஓடும்போதே 13 ஆம்பியர் இழுக்கிறது. கூட இரண்டு ஆம்பியர் போனால் அது ஏன் விழப்போகிறது? அந்த எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 100 ஆம்பியருக்கும் மேல் பாய வேண்டும். அதற்கு எர்த்தின் மின்தடை இரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். நார்த்தாமலைப் பாறையில் அதற்கு எங்கே போவது? ஆகவே எம்சிபி சும்மா இருக்கும், தொட்டியிலும் அதோடு இணைந்த உலோகக் குழாயிலும் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நிற்கும், நனைந்த கையோடு ஒருவர் குழாயைத் திருகுவார். எர்த் போட்ட வீட்டில்தான் இத்தனையும் நடக்கும்.

ஆர்சிசிபி பார்ப்பது வேறொன்றை. பேஸ் வழியாகப் போன மின்சாரம் நியூட்ரல் வழியாக அப்படியே திரும்புகிறதா என்று பார்க்கிறது. இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக. 2.3 ஆம்பியர் கசிவு அதற்கு வேண்டியதைப் போல எழுபது மடங்குக்கு மேல். யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். எர்த்தின் மின்தடை ஆயிரம் ஓமைத் தாண்டினாலும் இந்தக் கருவி தன் வேலையைச் செய்யும். அதனால்தான் தஞ்சாவூர் வண்டல் மண்ணைவிட நம் செம்புராங்கல்லுக்கு இது அதிகம் தேவைப்படுகிறது. எர்த்தே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எர்த் இருந்தால் ஆள் தொடும் முன் விழும். இல்லாவிட்டால் ஒருவர் உடம்பு வழியாகக் கசிந்த பிறகுதான் விழும்.

கருவியும் புதிதல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்ஸியல், மனித உடல் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று ஆராய்ந்து, 1960-களின் தொடக்கத்திலேயே இவ்வகைக் கருவியைக் கொண்டுவந்தார். 1975-லேயே அந்நாட்டு விதிகள் குளியலறைக்கு இதைக் கட்டாயமாக்கின. நம் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகள் கசிவுப் பாதுகாப்புக் கருவியைக் கேட்டன. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளுக்கு விலக்கு அளித்தன. புதுக்கோட்டையின் ஓட்டு வீடும் காங்கிரீட் வீடும் பெரும்பாலும் அந்த விலக்குக்குள்தான் வந்தன. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு மின் பகிர்மான விதித்தொகுப்பு திருத்தப்பட்டு, வீட்டு இணைப்புகளுக்கும் ஆர்சிடி கட்டாயம் என்றானது. ஆர்சிடி, ஆர்சிசிபி, கடைகளில் இன்னும் சொல்லும் இஎல்சிபி எல்லாம் ஒரே குடும்பத்துப் பெயர்கள். விதி வந்துவிட்டது. பழைய வீடுகளின் மெயின் போர்டுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2021-இல் மட்டும் நாட்டில் 12,000-க்கு மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன்களின் மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. 'மாட்டினால் சும்மா சும்மா டிரிப் ஆகுது சார், வீட்டுக்காரங்க நம்மளத்தான் திட்டுறாங்க' என்கிறார்கள். உண்மை. ஆனால் அது பெரும்பாலும் சும்மா விழுவதில்லை. ஹீட்டர் போட்டவுடன் விழுந்தால் காயில் போய்விட்டது. சில நிமிடம் சூடேறிய பிறகு விழுந்தால், உறையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது. சூட்டில் அது விரிகிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடலோரம் முழுவதும் உப்புத் தண்ணீர் காயிலின் செம்பு உறையை அரித்துத் தின்கிறது; அங்கே நிக்கல் கலப்பு உலோக உறை போட்ட காயில் கேட்டு வாங்குவதே நல்லது. ஹீட்டரைக் கழற்றி வைத்த பிறகும் விழுகிறதா? எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த வழியில் கசிவு என்பது தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால் நியூட்ரலைப் பார்க்க வேண்டும். ஆர்சிசிபிக்குப் பிறகு ஏதோ ஓர் இடத்தில் அது எர்த்தோடு சேர்ந்திருக்கும், அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரல் வெளியே போய்க் கலந்திருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டு, பல கிராமங்களை வாரக்கணக்கில் இருட்டில் தள்ளிய மாவட்டம் இது. இன்வெர்ட்டர் வாங்கிய வீடுகளில் அந்த வயரிங்கை ஒருமுறை திறந்து பார்ப்பது தகும். விழுகிறது என்பதற்காக ஆர்சிசிபியைத் தாண்டிக் கம்பி போட்டுக் கொடுப்பவர், வீட்டில் கசிவு இருக்கிறது என்று தெரிந்தே அதைச் செய்கிறார்.

அதைவிட மோசமான ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. எர்த் சரியாகக் கிடைக்காத வீட்டில், பிளக் பாயிண்டுக்குள்ளேயே எர்த் முனையை நியூட்ரலோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். டெஸ்டர் வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும். ஒரு காற்று மழையில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், அந்த வீட்டு ஹீட்டர் தொட்டியும் ஃபிரிட்ஜ் கதவும் ஒரே நேரத்தில் 230 வோல்ட்டில் நிற்கும். புயல் வழியில் இருக்கும் ஊரில் இதைச் செய்பவருக்கு வேலை தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

செலவு என்ன ஆகும் என்றால், நல்ல நிறுவனத்தின் இரட்டை முனை ஆர்சிசிபி இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. கீசர் வாங்குபவருக்கு இது பாரமல்ல. ஹீட்டர் ராடு வாங்குபவருக்குப் பாரம்தான். ஆபத்து அவருக்கே அதிகம் என்பதால் இங்கே அரசு கை கொடுக்க வேண்டும். 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. அந்த மதிப்பீட்டில் இந்தக் கருவியை ஒரு வரியாகச் சேர்ப்பதால் கணக்கு குலைந்துவிடாது. இது எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் சொல்லவில்லை. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை அதிலுள்ள 'டி' பட்டனை அழுத்திப் பார்க்காவிட்டால் உள்ளே இறுகிப்போயும் கிடக்கலாம். ராடு போட்ட வாளியில் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்காமல் கை வைப்பதற்கு எந்தக் கருவியையும் துணைக்கு நம்பக் கூடாது.

மின்வாரியம் செய்ய வேண்டியது சிறிய காரியம். புதிய இணைப்புக்கு மீட்டர் மாட்ட வரும் ஊழியர் மெயின் போர்டு வரை வந்துதான் ஆக வேண்டும். அங்கே அந்தப் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பைக் கொடுக்கலாம். சிக்கல் வாடகை வீடுகளில்தான். புதுக்கோட்டை, அறந்தாங்கி நகரங்களில் ஹீட்டர் வாங்கி மாட்டுவது குடியிருப்பவர். போர்டும் வயரிங்கும் வீட்டுக்காரருடையது. காலி செய்யும்போது ஹீட்டரை எடுத்துக்கொண்டு போகலாம், ஆர்சிசிபியை எடுத்துப் போக முடியாது என்பதால் குடியிருப்பவர் அதற்குச் செலவழிக்க மாட்டார். ஹீட்டர் மாட்ட அனுமதி கொடுக்கும் வீட்டுக்காரர்தான் அந்த இரண்டாயிரத்தைப் போட வேண்டும். முன்பணமாக வாங்கி வைத்திருக்கும் தொகையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பது அவருக்கே தெரியும்.